பெரியம்மா வராத முப்பது நாள்

மே 24, சனி, இரவு

இந்த நோட்டு உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. வந்திருந்தால் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் காட்டவே காட்டாதீர்கள். சித்தப்பாவிடமும் வேண்டாம். படிக்காமல் மூடி வைத்தால் ரொம்ப நல்லது. படித்துவிட்டீர்கள் என்றால், படித்ததை மறந்துவிடுங்கள். காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

என் பெயர் சம்யுக்தா. பத்தாம் வகுப்புக்குப் போகப் போகிறேன். திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டுப் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். இது என் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நோட்டு. முன்பக்கம் முழுக்கத் தவளையும் பூவின் பாகங்களும் இருப்பதால் யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். பின்பக்கம் நிறையத் தாள் மிச்சம் இருக்கிறது.

இன்று அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அப்பா போர் வண்டியில் ட்ரில்லர். ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரியைத்தான் எங்கள் ஊரில் போர் வண்டி என்போம். ஐப்பசியில் வடக்கே போகும் வண்டிகள் ஆனிக்குள் திரும்பி வரும். வருடத்தில் எட்டு மாதம் அப்பா வீட்டில் இருக்க மாட்டார். இந்த முறை ராய்ப்பூரைத் தாண்டி ஏதோ ஓர் ஊரில் துளை போடும் இரும்பு ராடு நழுவிவிட்டது என்று சொன்னார்கள். ஆம்புலன்ஸ் இரண்டு நாள் ஓடி மே 9 விடியற்காலையில் வந்தது. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சித்தப்பாவும் பெரியவர்களும் சேர்ந்து முடிவு செய்தார்கள். முகத்தைப் பார்த்தால் பொம்பளைங்க தாங்க மாட்டாங்க என்றார்கள். அதனால் அம்மா பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

எழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லக் கூடாது. நாங்களும் "வாங்க" என்று சொல்லக் கூடாது. இன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொருவராகச் சொல்லாமல் எழுந்து போனார்கள். கீழே குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நான் முதல் குடத்தை மேலே கொண்டுவந்தபோது பதினொரு பேர் இருந்தார்கள். நான்காவது குடத்துக்கு ஐந்து பேர். ஒன்பதாவது குடத்துக்குச் சித்தப்பா மட்டும் படியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் கீழே நிற்பது அவருக்குத் தெரியாது.

"அண்ணி பித்துப் புடிச்சாப்புல இருக்குது. ஒரு சொட்டு அழுவலை. ஈரோட்டுல டாக்டருகிட்டக் காட்டோணும். புள்ளைய நாம கூட்டியாந்துரலாம்."

சித்தப்பா நல்லவர். பதினாறு நாளும் எல்லா வேலையும் அவர்தான் செய்தார். ஆனால் என்னைப் பெருந்துறையில் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டால் அம்மாவுடன் யார் இருப்பார்கள்? அதனால் அம்மாவைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியக் கூடாது. யார் கேட்டாலும் நன்றாக இருக்கிறாள் என்றுதான் சொல்வேன்.

மே 26

அம்மா தூங்கிவிட்டாள். அவள் முந்தானை நுனியை என் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு எழுதுகிறேன். அவள் எழுந்தால் எனக்குத் தெரியும்.

இன்று இருவருக்கும் நானே சமைத்தேன். ரசத்தில் உப்பு அதிகம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முன்பு என்றால் ஒரு மணி நேரம் சொல்வாள்.

பெரியம்மாவைப் பற்றி எழுத வேண்டும். சாந்தாமணிப் பெரியம்மா என் அம்மா மைனாவைவிடப் பத்து வயது மூத்தவள், கூடப் பிறந்த ஒரே அக்கா. எடப்பாடியில் இருக்கிறாள். இவர்களைப் பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாவுக்குத் தலை பின்னிவிட்டதும், பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், மாப்பிள்ளை பார்த்ததும் பெரியம்மாதான். என்னை அம்மா திட்டும்போதுகூட "எங்கக்கா கையில நீ மாட்டியிருக்கோணும்" என்பாள்.

பெரியம்மாவின் மகன் நவநீதன் அண்ணனுக்கு ஜூன் 8 கல்யாணம். மே 5 அன்றே முதல் பத்திரிகையைக் குலசாமி கோயிலில் வைத்துவிட்டார்கள். சாமிக்குப் பத்திரிகை வைத்தபிறகு, தாலி கட்டி முடிகிறவரை, அந்த வீட்டுக்காரர்கள் எழவு வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது. எங்கள் சொந்தத்தில் எல்லாரும் அப்படித்தான். நாலு நாள் கழித்துத்தான் அப்பா வந்தார்.

பெரியம்மா வரவில்லை.

அன்று வந்த பெண்கள் எல்லாரும் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஏறி வரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். பெட்டியைத் தூக்கும்போதுகூடப் படியைத்தான் பார்த்தாள். கல்லாட்டம் உக்காந்திருக்கறா பாரு என்று பின்னால் ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது.

அன்று சாயந்தரமே அம்மா தன் போனில் பெரியம்மா நம்பரைத் தடுத்து வைத்துவிட்டாள். நானும் பேசக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மே 27

தண்ணீர் வரவில்லை. கீழ்வீட்டு ருக்குமணி அக்கா இரண்டு குடம் கொடுத்தார்.

மே 29

இன்று அம்மா சிரித்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

காலையில் அப்பாவின் தலையணையை மாடியில் வெயிலுக்குப் போட்டாள். அவர் வந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க அரப்புத்தூள் இருக்கிறதா என்று டப்பாவைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு வருடமும் வண்டி திரும்புகிற நேரத்தில் செய்வதுதான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே திரும்பி, "எட்டு மாசம் அவரு இல்லாம இருக்கறது நமக்குப் புதுசா?" என்று சொல்லித்தான் சிரித்தாள்.

புதுசு இல்லைதான். வீட்டில் எதுவும் மாறவில்லை. அவர் சட்டை ஆணியில் தொங்கும் இடத்தில் தொங்குகிறது. இரவு எட்டரை மணிக்கு அவர் போன் வராது, அவ்வளவுதான்.

இரவு தோசை ஊற்றும்போது நான் கேட்காமலே சொன்னாள். "வண்டி வரட்டும். வண்டியிலிருந்து அவரு எறங்கலைன்னா, நாம ரெண்டு பேரும் போயிரலாம் சாமி."

எங்கே என்று கேட்டேன்.

"அவரு இருக்கற எடத்துக்கு."

இரண்டாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறார்கள் என்றேன். பாக்கலாம் என்றாள். தோசையைத் திருப்பிப் போட்டாள்.

ஈரோட்டிலிருந்து ராய்ப்பூருக்கு ரயில் இருக்கிறது. ஒரு நாளுக்கு மேல் ஆகும். அம்மா அதைத்தான் சொல்லியிருப்பாள். அதைத்தான்.

மே 30

அம்மா மூன்று இட்லி சாப்பிட்டாள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஒன்று. அதிலும் பாதி.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. வகுப்பில் எல்லாரும் நான் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். மஞ்சரி மட்டும் பக்கத்தில் இடம் விட்டு, கணக்குப் புத்தகத்துக்கு அட்டை போடப் பிரவுன் பேப்பர் கொடுத்தாள். டீச்சர் என்னை எழுப்பி, தைரியமா இருக்கணும் என்றார். சரிங்க டீச்சர் என்றேன். உட்காரச் சொல்ல மறந்துவிட்டார். அந்தப் பாடம் முடிகிறவரை நின்றேன்.

மதியம் மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடினேன். ஒன்றரை கிலோமீட்டர். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதுக்கு வந்தே என்றாள். பேனா மறந்துட்டேன் என்றேன். சட்டைப் பையில் இரண்டு பேனா தெரிந்தது. அவள் பார்த்தாள், ஆனால் கேட்கவில்லை. திரும்பி ஓடினேன்.

இனி தினமும் ஓட வேண்டும். தினமும் எதை மறந்தேன் என்று சொல்வது?

ஜூன் 3

அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. பூச்சி மருந்துக் கடையின் பெயர் போட்ட பை.

எங்களுக்குக் காடு தோட்டம் எதுவும் கிடையாது. மாடியில் ஒரு துளசிச் செடி இருந்தது, அதுவும் பதினாறு நாளில் காய்ந்துவிட்டது.

நான் அதைத் தொடவில்லை. எடுத்து எறிந்தால் அம்மா வேறு வாங்குவாள், வேறு இடத்தில் வைப்பாள். அங்கேயே இருந்தால், இருக்கிற இடமாவது எனக்குத் தெரியும்.

ராய்ப்பூர் ரயில் பற்றி எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

ஜூன் 4

தூங்கவில்லை. அம்மா மூன்று முறை புரண்டு படுத்தாள். மூன்று முறையும் என் கால் விரல் இழுபட்டது.

யாரிடமாவது சொல்ல வேண்டும். சித்தப்பாவிடம் சொன்னால் அம்மாவை ஓர் இடத்தில் விடுவார், என்னை ஓர் இடத்தில் விடுவார். டீச்சரிடம் சொன்னால் தைரியமா இரு என்பார். அம்மா யார் சொன்னால் கேட்பாள் என்று யோசித்தால் ஒரே ஒரு ஆள்தான் ஞாபகம் வருகிறது.

ஜூன் 5, வியாழன்

சத்தியத்தை மீறிவிட்டேன்.

யூனிபார்ம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் சங்ககிரிக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து எடப்பாடிக்கு மாறினேன். பஸ்ஸில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். "பெரியம்மா, அம்மா மருந்து வாங்கி வெச்சிருக்குது. நீங்க வந்தாத்தான் சரியாகும்." வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை.

பெரியம்மா வீட்டுத் தெரு முழுவதும் பந்தல். குழாய் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பந்தலுக்கு அடியில் பெண்கள் உட்கார்ந்து மஞ்சள் கிழங்கு கட்டிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் சுற்றி நவநீதன் அண்ணன் கறுத்துவிட்டாராம், பொண்ணு வீட்டுக்காரங்க அடையாளம் தெரியாம வேற யாருக்காச்சும் மாலை போட்டுரப் போறாங்க என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. உடனே நிறுத்திக்கொண்டேன்.

நான் பந்தலுக்குள் போகவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டிரான்ஸ்பார்மர் ஓரமாக நின்றேன். நான் எழவு வீட்டுப் பெண். என் கால் பட்டு, நாளைக்கு அந்தப் புது அண்ணிக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட என்னால்தான் என்று ஆகும்.

அண்ணன்தான் முதலில் பார்த்தார். பைக்கை நிறுத்திவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தார்.

"ஏ சம்மு, டிரான்ஸ்பார்மருக்குக் காவலா நிக்கற?"

"கிட்ட வராதீங்கண்ணா, தீட்டு."

"இருபத்தெட்டுப் பொண்ணு பாத்து இருபத்தொம்பதாவதுதான் கூடிச்சு. இதுக்கு மேல எந்தத் தீட்டு என்னய என்ன பண்ணீரும்?" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணனுக்கு லாரி ஓட்டச் சொல்லிக்கொடுத்தது அப்பாதான்.

அவர் போய்ப் பெரியம்மாவைக் கூட்டிவந்தார். பெரியம்மா மாவுக் கையோடு ஓடி வந்தாள். பந்தல் முடிகிற இடத்தில் காவேரி அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காவேரி அத்தை பெரியப்பாவின் தங்கை. அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"அண்ணி, ஒரு அடி அக்கட்ட வெச்சீங்கன்னா அப்பறம் மணவறைப் பக்கம் வர முடியாது, பாத்துக்கங்க. மாப்பளையப் பெத்தவ இல்லாத கல்யாணத்த ஊரு பாக்கோணுமா?"

பெரியம்மா நின்றுவிட்டாள். நடுவில் ரோடு. பத்துப் பன்னிரண்டு அடிதான் இருக்கும்.

"சாப்புட்டியா கண்ணு?" என்று அங்கிருந்து கத்தினாள். குழாய் ரேடியோவை மீறிக் கத்த வேண்டியிருந்தது. "உங்கொம்மா சாப்புடறாளா? எம் போன எடுக்கவே மாட்டீங்கறா."

மஞ்சள் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வரி, ரோட்டைத் தாண்டிக் கத்துகிற வரி இல்லை. அதைக் கத்தினால் சாயந்தரத்துக்குள் பெருந்துறை வரைக்கும் போய்விடும்.

"சாப்புடுதுங்க பெரியம்மா," என்று கத்தினேன்.

பெரியம்மா அழுதாள். மாவுக் கையால் கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் வெள்ளையானது. எட்டாந்தேதி கல்யாணம், ஒம்பதாந்தேதி விடியறப்ப உங்கூட்டு வாசல்ல நிப்பன், நாலே நாளு பொறுத்துக்கச் சொல்லு என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

பலகாரப் பை ஒன்றை அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சங்ககிரி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன். ஒரே ஒரு அதிரசம் மட்டும் தின்றேன். பசித்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா, இன்னைக்கு மத்தியானம் ஓடி வரலையே என்றாள்.

நாலு நாள். வண்டி அதற்குள் வராமல் இருந்தால் போதும்.

ஜூன் 6, வெள்ளி

வண்டி வந்துவிட்டது.

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா தலைக்குக் குளித்து, பச்சைச் சேலை கட்டி, ருக்குமணி அக்கா வீட்டுச் செடியில் மல்லிகை பறித்துத் தலையில் வைத்திருந்தாள். ருக்குமணி அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. எங்கள் தெருவில் வண்டி வருவது எப்படியும் எல்லாருக்கும் தெரிந்துவிடும், ஹாரன் அடித்துக்கொண்டேதான் வருவார்கள்.

இந்த முறை ஹாரன் அடிக்காமல் வந்தார்கள்.

தெருமுனையில் நின்றது. முதலில் டிரைவர் இறங்கினார். பிறகு இரண்டு ஆட்கள். கடைசியாகச் சூப்பர்வைசர் பெருமாள் அண்ணன். அம்மா அவர்களைத் தாண்டிப் போய், படியில் கால் வைத்து ஏறி, கேபினுக்குள் எட்டிப் பார்த்தாள். சீட்டுக்குப் பின்னால் ஆள் படுக்கிற இடம் ஒன்று உண்டு. அதையும் பார்த்தாள். போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் இறங்கினாள்.

பெருமாள் அண்ணன் தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அம்மா அவரிடம், "காப்பி குடிச்சுட்டுப் போலாம் வாங்க," என்றாள். நால்வரும் மாடிக்கு வந்து, நின்றுகொண்டே குடித்தார்கள். அப்பாவின் பையைக் கொடுத்தார்கள். ஒரு சாக்கில் பத்துக் கிலோ துவரம்பருப்பும் இருந்தது. அங்கே பருப்பு நன்றாக இருக்கும் என்று அப்பாவே வாங்கி வைத்திருந்ததாம்.

அவர்கள் போனபிறகு அம்மா பூவை எடுத்து வைத்தாள். பருப்பைப் படியால் அளந்து தகர டின்னில் கொட்டினாள். கல் பொறுக்கினாள். எல்லாம் பொறுமையாக. ரொம்பக் களைப்பாக இருந்தாள். நானும் களைப்பாக இருந்தேன். இருவரும் ஒரே பாயில் படுத்தோம்.

"வண்டி வந்திருச்சு," என்றாள் இருட்டில்.

தூங்கும்மா என்றேன்.

ஜூன் 7, சனி, மாலை

அம்மா மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். நான் கீழே போய் ருக்குமணி அக்காவின் போனை வாங்கினேன். பெரியம்மா நம்பர் எனக்கு மனப்பாடம்.

மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள் போல. இன்று ராத்திரிக்கே சொந்தமெல்லாம் அங்கே வந்து தங்குவார்கள். விடிந்தால் முகூர்த்தம். மேளம் அடித்துப் பார்க்கிற சத்தத்துக்கு நடுவில் பெரியம்மா யாரு யாரு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் சம்மு என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். அப்புறம், யோசித்தால் முடியாது என்று, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா சொன்னது, மஞ்சள் பை, வண்டி வந்தது.

"ஒம்பதாந்தேதி வரைக்கும் பத்தாதுங்க பெரியம்மா," என்றேன்.

அந்தப் பக்கம் மேளச் சத்தம்தான் கேட்டது. போன் நின்றுவிட்டது. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. நான் சொன்னதில் எவ்வளவு அவளுக்குக் கேட்டது என்று எனக்குத் தெரியாது.

திரும்பிப் பார்த்தால் ருக்குமணி அக்கா நின்றிருந்தார். வெங்காயம் உரித்த கை. என் தலையில் ஒரு நிமிடம் கையை வைத்திருந்தார். வெங்காய வாசம் இன்னும் முடியில் இருக்கிறது.

மஞ்சள் பையை எடுத்துவிட்டேன். எங்கே போட்டேன் என்று எழுத மாட்டேன்.

ஜூன் 7, இரவு

ருக்குமணி அக்கா சாயந்தரம் மோர் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் ஒன்பதரை மணி வரை உட்கார்ந்து, முடிந்துபோன சீரியல் கதையை எல்லாம் அம்மாவிடம் சொன்னார். அவர் வீட்டுக்காரர் கீழிருந்து மூன்று முறை கூப்பிட்டார். எழுந்திருக்கும்போது, "கதவத் தாழ் போடாம சும்மா சாத்தி வெய்யி மைனா, நா மறுக்காவும் வருவன்," என்றார். அம்மா சரிங்கக்கா என்றாள். அவர் கீழே இறங்கியதும் தாழ் போட்டாள்.

நான் சின்ன அறையில் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவின் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். முந்தானை இன்று என் கையில் இல்லை. அம்மா தூங்கவில்லை. அடுப்படியில் இருக்கிறாள்.

டிரம்மை நகர்த்துகிறாள்.

டப்பாக்களைத் திறந்து மூடும் சத்தம் கேட்கிறது. ஒவ்வொன்றாக. கோபமாக இல்லை, சீரகம் தேடுகிற மாதிரி. எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். வேறு எங்காவது இன்னொன்று வைத்திருக்கிறாளா என்பது மட்டும் தெரியாது.

எழுதாமல் இருந்தால் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. அதனால் எழுதுகிறேன். இத்தனை நாளில் ஒரு வார்த்தையை நான் எழுதவே இல்லை. திருப்பிப் பார்த்தேன். அப்பா வந்தார், அப்பாவுக்குக் காரியம், ராடு நழுவியது என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். அப்பா செத்துப்போய்விட்டார். அப்பா இனி வர மாட்டார். எனக்கு அழ வேண்டும். அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அழ நேரமே இல்லை.

சத்தம் நின்றுவிட்டது.

அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறாள்.

"சம்மு, அரிசி டிரம்முப் பொறத்தால இருந்த பை எங்க?"

"இல்லம்மா. நான் எடுத்துட்டேன்," என்றேன்.

அவள் கதவைத் தள்ளவில்லை. திட்டவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்தாள் போல, வளையல் இல்லாத கை கதவில் உரசியது. எவ்வளவு நாளாத் தெரியும் என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து என்றேன். அதுக்குத்தான் மத்தியானம் மத்தியானம் ஓடி வந்தியா என்றாள். ஆமா என்றேன்.

அப்புறம், "நா என்ன பண்றது சாமி, எனக்குத் தெரியலையே," என்றாள். என்னிடம் கேட்கிற மாதிரியும் இருந்தது, வேறு யாரிடமோ கேட்கிற மாதிரியும் இருந்தது. எனக்கும் தெரியவில்லை. எனக்குப் பதினாலு வயதுதான். அதைச் சொல்லலாமா என்று

யாரோ மாடிப்படி ஏறி வருகிறார்கள். வேகமாக. கொலுசுச் சத்தம். ருக்குமணி அக்கா கொலுசு போட மாட்டார்.

கதவைத் தட்டுகிறார்கள். உள்ளங்கையால், ஓங்கி.

"மைனா. அடியே மைனா, தொறடி. உங்கக்காதான் வந்திருக்கறன். அங்க நவநீதனுக்கு அவங்கப்பன் இருக்கறாரு, பாத்துக்குவாரு. நா இனி அந்த மண்டபத்துக்குப் போவ முடியாது, எனக்குப் போக்கிடமில்ல. தொற."

அம்மா எழுந்து போய்த் தாழை எடுக்கிறாள். நானும்